வெனிஸ் சான் மார்க்கோ மணிக்கோபுரம்: 1902இல் விழுந்ததும் 1912இல் எழுந்ததும் ஒன்றா?

பனையோலை:

வெனிஸின் சான் மார்க்கோ மணிக்கோபுரத்தைப் பற்றி யார் எழுதினாலும் "ஆயிரம் ஆண்டுப் பழமை" என்று தொடங்கிவிடுகிறார்கள். இன்று அந்தச் சதுக்கத்தில் நிற்கும் 98.6 மீட்டர் உயரச் செங்கல் கோபுரம் திறக்கப்பட்டது 1912 ஏப்ரல் 25 அன்று. அதற்கு முன் அங்கே நின்ற கோபுரம் 1902 ஜூலை 14ஆம் தேதி, காலை பத்து மணி ஆவதற்குள் தரையோடு தரையாகிவிட்டது. இது ஒன்றும் இரகசியம் இல்லை. ஆனாலும் பயணக் கட்டுரைகளில் இந்தச் செய்தி ஒற்றை வரியில் கடந்துபோகிறது. எனக்கு அந்த ஒற்றை வரியில்தான் கோபுரத்தின் முழு வரலாறும் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. அதனால்தான் இந்த இழை.

சுருக்கமாகப் பழைய கதை. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பியெத்ரோ திரிபூனோ தோஜேயாக, அதாவது குடியரசின் தலைவராக, இருந்த காலத்தில் இங்கே அடித்தளம் போட்டதாகச் சொல்கிறார்கள். முதலில் அது காவல் கோபுரம். கடலில் வரும் கப்பல்களுக்கு வழிகாட்டும் அடையாளமாகவும் இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் உயர்ந்தது. 1489இல் இடி விழுந்து மரத்தாலான உச்சி எரிந்தது. 1511இல் நிலநடுக்கம் உலுக்கியது. அதன்பின் பர்தொலொமேயோ போன் என்னும் கட்டடக் கலைஞர் கல்லால் ஆன மணியறையையும் கூம்பு உச்சியையும் எழுப்பினார். 1513 ஜூலை 6 அன்று உச்சியில் பொன்முலாம் பூசிய கபிரியேல் தேவதூதரின் சிலை ஏறியது. நாம் படங்களில் பார்க்கும் உருவம் அன்று கிடைத்தது.

கலிலேயோ 1609 ஆகஸ்டில் தன் தொலைநோக்கியை வெனிஸ் ஆட்சியாளர்களுக்குக் காட்டியது இந்தக் கோபுரத்தின் மேலிருந்துதான். வெறும் கண்ணுக்குத் தெரிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கப்பல்கள் அதில் தெரிந்தன. கடல் வணிகத்தால் வாழ்ந்த ஒரு நகருக்கு அதன் மதிப்பை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாதுவா பல்கலைக்கழகத்தில் அவருக்கு வாழ்நாள் பதவியும் கூடுதல் ஊதியமும் கிடைத்தன. ஜெர்மானியக் கவிஞர் கெதே 1786இல் வாழ்க்கையில் முதன்முதலாகக் கடலைப் பார்த்ததும் இங்கிருந்துதான்.

என் கேள்வி இதுதான். கலிலேயோ நின்ற தளம் இன்று இல்லை. கெதே கைவைத்த சுவர் இல்லை. அப்படியென்றால் இன்று நிற்பதை நாம் எந்த உரிமையில் அதே பெயரால் அழைக்கிறோம்? எனக்கு ஒரு பதில் இருக்கிறது. முதலில் மற்றவர்கள் சொல்லட்டும்.

தென்றல்வெளி:

மணிக்கோபுரம் என்று தலைப்பு வைத்துவிட்டு மணிகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே ஐயா. அவை என்ன ஆயின?

வெண்கலச்செல்வி:

தென்றல்வெளி கேட்டது மிகச் சரியான கேள்வி. மணிகளைத் தவிர்த்துவிட்டு இந்தக் கோபுரத்தைப் பேசவே முடியாது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஐந்து மணிகள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி வேலை. மிகப் பெரியது மரங்கோனா. சுமார் 3,600 கிலோ எடை. தச்சர்களின் பெயரால் வந்த மணி அது. கப்பல் கட்டும் துறையான அர்செனாலேயில் வேலை தொடங்குவதும் முடிவதும் அதன் ஓசைப்படி. மாமன்றம் கூடுவதை அறிவித்ததும் அதுவே. அடுத்தது த்ரொத்தியேரா. மாமன்றத்துக்கு வரவேண்டிய பிரபுக்களை "நேரமாகிறது, விரைந்து வாருங்கள்" என்று விரட்டும் இரண்டாவது மணி. அந்த ஓசை கேட்டால் குதிரையை ஓட்டமாக விடுவார்களாம். நோனா நண்பகல் வேளைக்கு. மெத்சா தெர்சா செனட் கூடுவதற்கு. ஐந்தாவது ரெங்கியேரா, மரண தண்டனை நிறைவேற்றப்படும்போது ஒலிப்பது.

இதை ஒரு பட்டியலாகப் படித்துவிட்டுப் போய்விடாதீர்கள். கைக்கடிகாரம் இல்லாத காலத்தில் இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நகரம் அது. கால்வாய்களும் சந்துகளுமான அந்த ஊரில் எங்கே நின்றாலும் சதுக்கம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காதுக்குக் கேட்கும். உளியைக் கீழே வைக்கும் தச்சன், வாக்களிக்க ஓடும் பிரபு, இன்று யாரோ ஒருவனின் உயிர் போகிறது என்று அடுப்படியில் நின்றபடியே அறிந்துகொள்ளும் பெண், எல்லோரையும் ஒரே கோபுரம் கட்டிப்போட்டிருந்தது. ஐந்து மணிகளின் குரலையும் பிரித்தறியத் தெரியாத குழந்தை அந்த ஊரில் வளர்ந்திருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

1797இல் நெப்போலியனின் படை வந்து குடியரசு முடிந்தது. கூடுவதற்கு மாமன்றமும் இல்லை, செனட்டும் இல்லை. மணிகள் இருந்தன, அவற்றின் வேலைகள் போய்விட்டன. 1902இல் கோபுரம் சரிந்தபோது நான்கு மணிகள் உடைந்தன. மரங்கோனா மட்டும் உடையாமல் இடிபாட்டுக்குள் கிடைத்தது. ஏறக்குறைய நூறு மீட்டர்க் கோபுரத்தின் உச்சிப் பகுதியிலிருந்து செங்கல் அருவியோடு சேர்ந்து இறங்கிய மூன்றரை டன் வெண்கலம், விரிசல் இல்லாமல்!

பனையோலை ஐயாவின் கேள்விக்கு என் பதில் இதுவே. மரங்கோனா இன்றும் அதே இடத்தில் தொங்குகிறது. நகரம் கேட்ட குரல் அதே குரல். எனக்கு அது போதும்.

செங்கல்சூளை:

நான் கட்டடத் துறைக்காரன். பழைய கட்டடங்களைச் செப்பனிடும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன். அதனால் அது ஏன் விழுந்தது என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை. "மண் உள்வாங்கியது, அஸ்திவாரம் அழுகியது, வெனிஸ் மூழ்குகிறது" என்று பலர் நம்புகிறார்கள். உண்மை அது அல்ல.

கோபுரத்தின் கிழக்குப் பக்க அடியில், சதுக்கத்திலுள்ள புனித மாற்கு (சான் மார்க்கோ) பேராலயத்தை நோக்கியபடி, யாக்கொப்போ சான்சொவீனோ பதினாறாம் நூற்றாண்டில் எழுப்பிய லோஜெத்தா என்ற அழகான முகமண்டபம் இருக்கிறது. அதன் கூரை கோபுரச் சுவரோடு ஒட்டி நிற்கும். கூரையும் சுவரும் சேரும் இடத்தில் மழைநீர் இறங்காமல் இருக்கக் கல் பதித்திருந்தார்கள். 1902 கோடையில் அந்தக் கூரையைப் பழுதுபார்க்கும்போது அந்தக் கற்களை எடுத்துவிட்டு, கோபுரச் சுவரில் குறுக்காக ஒரு பள்ளம் வெட்டினார்கள். ஜூலை 7ஆம் தேதி விரிசல் கண்ணில் பட்டது.

ஆயிரக்கணக்கான டன் எடையைத் தாங்கும் செங்கல் சுவரின் காலடியில் குறுக்காக வெட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதை என் துறையில் முதலாண்டு மாணவனும் சொல்வான். ஆனால் அந்த வெட்டு மட்டும் நல்ல சுவரைச் சாய்த்திருக்காது. 1745இல் விழுந்த இடி அந்தக் கோபுரத்தை ஏற்கெனவே பிளந்திருந்தது. அப்போது வடகிழக்கு மூலையில் புதுச் செங்கல் போர்த்தி ஒட்டுப் போட்டார்கள். பழைய சுவரும் புதுப் போர்வையும் ஒரே உடலாகச் சேரவில்லை. 1902இன் விரிசல் அந்த ஒட்டின் வழியாகவே மேலேறியது.

விரிசல் வளர்கிறதா என்று பார்க்க அன்று கண்ணாடித் துண்டுகளைப் பதித்தார்கள். இன்றும் நாங்கள் செய்வதுதான். மெல்லிய கண்ணாடிப் பட்டையை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரு முனைகளையும் ஜிப்சம் கலவையால் சுவரோடு ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதுவோம். கண்ணாடிக்கு வளையத் தெரியாது. சுவர் ஒரு மயிரிழை விலகினாலும் போதும், உடைந்துவிடும். நானும் பல சுவர்களில் பதித்திருக்கிறேன். மறுநாள் காலை சாரத்தில் ஏறும்போது முழுதாக இருந்தால் மூச்சு சீராகும். குறுக்கே ஒரு கீறல் தெரிந்தால், அடுத்த வேலை ஆட்களைக் கீழே இறக்குவது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வெனிஸில் அந்தக் கண்ணாடிகள் உடைந்தன. ஜூலை 13 ஞாயிறு மாலை சதுக்கத்தில் நடக்கவிருந்த இசை நிகழ்ச்சியை நிறுத்தினார்கள், அதிர்வு கூடாது என்று. 14ஆம் தேதி காலை சதுக்கத்தையே காலி செய்தார்கள். ஒன்பதே முக்கால் மணிக்குப் பிறகு கோபுரம் தனக்குள்ளேயே அமிழ்ந்ததுபோல நேர்கீழாக இறங்கியது. ஒரு மனித உயிர்கூடப் போகவில்லை. காவலாளியின் பூனை மட்டும் இறந்தது.

பள்ளம் வெட்டியவர்களை நான் மன்னிக்க மாட்டேன். ஆனால் அந்தக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு மக்களை வெளியேற்றியவர்களுக்குக் கை கூப்புகிறேன். உலகெங்கும் எத்தனையோ இடங்களில் விரிசலுக்கு மேல் பூச்சு பூசி மறைத்துவிட்டுப் போகிறார்கள்.

தென்றல்வெளி:

செங்கல்சூளை ஐயா எழுதியதைப் படிக்கும்போது திருக்காளத்தி ராஜகோபுரம் நினைவுக்கு வருகிறது. கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பியது, 2010 மே 26 அன்று இரவு விழுந்தது. அங்கும் விரிசல் முன்கூட்டியே தெரிந்து, சுற்றி இருந்தவர்களை அப்புறப்படுத்தினார்கள். 2017இல் புதிய கோபுரத்துக்குக் குடமுழுக்கும் நடந்துவிட்டது. அங்கே யாரும் "இது அதே கோபுரமா" என்று கேட்டதாகத் தெரியவில்லை. கும்பிட்டுவிட்டு உள்ளே போகிறார்கள்.

கடலாடி:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் மறுபக்கத்தை நான் சொல்கிறேன்.

கோயில் கோபுரத்தோடு ஒப்பிடுவதை ஏற்க மாட்டேன். ஆகமப்படி வழிபாடு நடக்கும் இடத்தில் கோபுரம் ஓர் உறுப்பு. அது சிதைந்தால் திருப்பணி செய்வது மரபு. அங்கே பழமையைவிடத் தொடர்ச்சி முக்கியம். வெனிஸ் மணிக்கோபுரத்துக்கு 1902இல் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. பேராலயம் தப்பித்துவிட்டது. மாமன்றம் நூறாண்டுக்கு முன்பே போய்விட்டது. நேரம் சொல்ல அதே சதுக்கத்தில் 1490களில் கட்டிய கடிகாரக் கோபுரம் இருந்தது. பிறகு எதற்காகக் கட்டினார்கள்? பார்க்கும் கண்களுக்குப் பழகிய காட்சி வேண்டும் என்பதற்காக. நகரத்தின் உருவப்படத்தில் விழுந்த ஓட்டையை அடைப்பதற்காக.

அன்றே எதிர்ப்பு இருந்தது. கோபுரம் இல்லாத சதுக்கம் இன்னும் விசாலமாக, பேராலயம் முழுமையாகத் தெரியும்படி இருக்கிறது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இருபதாம் நூற்றாண்டின் கட்டடக் கலையில் கட்டுங்கள், பதினாறாம் நூற்றாண்டைப் போல நடிக்காதீர்கள் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்கள் சொன்னதில் நேர்மை இருக்கிறது. உள்ளே இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட், மின்தூக்கி, வெளியே மறுமலர்ச்சிக் காலத்து முகம். இதை வரலாறு என்று ஒரு குழந்தைக்குக் காட்டினால் நாம் அதற்கு என்ன கற்றுக்கொடுக்கிறோம்?

இன்னொன்றும் சொல்கிறேன். வெனிஸ் ஆண்ட காலத்தில் ஏட்ரியாட்டிக் கரை முழுவதும் இந்தக் கோபுரத்தைப் பார்த்துச் சிறிய ஊர்கள் கட்டிக்கொண்டன. இன்றைய ஸ்லோவேனியாவில் உள்ள பிரான் நகரின் புனித ஜார்ஜ் கோயில் மணிக்கோபுரம் 1608இல் முடிந்தது. குரோவேஷியாவின் ரொவினிலும் பதினேழாம் நூற்றாண்டில் ஒன்று எழுந்தது. அவை இன்னும் நிற்கின்றன. அதாவது நகல்கள் மூலத்தைவிட மூன்று நூற்றாண்டு மூத்தவை! போன் வடித்த உருவத்தை அதன் காலத்துக்கு அருகில் நின்று பார்க்க வேண்டும் என்றால் நான் பிரானுக்குத்தான் போகச் சொல்வேன்.

பனையோலை:

கடலாடி, பிரானைப் பற்றிச் சொன்னது அருமை. அதையே நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு கோபுரத்தின் உருவத்தைக் கடல் தாண்டி எடுத்துப்போய்ச் சின்னஞ்சிறு ஊர்களெல்லாம் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டன என்றால், அந்த உருவத்துக்குச் செங்கல்லைத் தாண்டிய ஓர் உயிர் இருந்திருக்கிறது. அதைச் சொந்த ஊரே கைவிட்டிருக்க வேண்டுமா?

"பழகிய காட்சிக்காகக் கட்டினார்கள்" என்கிறீர்கள். கோபுரம் விழுந்த அன்றிரவே நகராட்சி மன்றம் கூடியது. மறுகட்டுமானத்துக்கு 5,00,000 லீரா ஒதுக்கியது. அப்போது இடிபாட்டுப் புழுதிகூட முழுதாக அடங்கியிருக்காது. சுற்றுலா வருமானத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க அவர்களுக்கு நேரமே இருந்திருக்காது. வீட்டில் ஒருவர் இறந்த இரவில் குடும்பம் கூடிப் பேசுவதைப் போன்றதாகவே அதை நான் பார்க்கிறேன். "இருந்தபடியே, இருந்த இடத்திலேயே" என்பது முழக்கமாயிற்று. மேயர் பிலிப்போ கிரிமானி அதைத் தன் வாக்குறுதியாக்கினார்.

வெனிஸுக்கு இது புதிய அனுபவமும் அல்ல. எதிர்க்கரையில், நீருக்கு அந்தப் பக்கம் தெரிகிற சான் ஜார்ஜோ மஜ்ஜோரே தீவின் மணிக்கோபுரம் 1774இல் விழுந்து 1791இல் மீண்டும் எழுந்தது. யாரும் அதைப் போலி என்று சொல்வதில்லை. நெருப்பில் போன லா பெனீச்சே இசையரங்கை 1996க்குப் பிறகு மறுபடி கட்டியபோதும் அதே முழக்கம்தான் ஒலித்தது.

பழங்கணக்கு:

நடுவே ஒரு வார்த்தை. "மூலம்" என்று இருவரும் சொல்கிறீர்கள். எந்த ஆண்டின் மூலம்?

இடி மட்டும் எத்தனை முறை என்று பாருங்கள். 1388, 1417, 1489, 1548, 1565, 1653, 1745, 1761, 1762. ஒவ்வொரு முறையும் எரிந்தது, பிளந்தது, உதிர்ந்தது. ஒவ்வொரு முறையும் ஒட்டுப் போட்டார்கள். 1745இல் உதிர்ந்த கற்கள் சதுக்கத்தில் நின்றவர்களைக் கொன்றன. 1776இல் பாதுவாவின் வானியலறிஞர் ஜுசெப்பே தொவால்தோவின் மேற்பார்வையில் இடிதாங்கி பொருத்தினார்கள். ஐரோப்பாவிலேயே அது ஆரம்பகால இடிதாங்கிகளில் ஒன்று. அதன்பிறகுதான் கோபுரத்துக்கு நிம்மதி. ஆக, 1902 காலையில் நின்ற கோபுரமே பல நூற்றாண்டுச் செங்கற்களின் கூட்டு. அடியில் ரோமானியர் காலத்துப் பழைய செங்கற்களையும் எடுத்துவந்து போட்டிருந்தார்கள்.

அதன் பயன்பாடும் நிலையாக இருந்ததில்லை. காவல் கோபுரம், கலங்கரை விளக்கம், மணிக்கோபுரம் என்பதோடு முடியவில்லை. இடைக்காலத்தில் குற்றம் செய்த பாதிரிமாரைக் கூண்டில் அடைத்து அதன் பக்கவாட்டில் தொங்கவிட்டார்கள். வெயிலிலும் மழையிலும், கீழே நின்று கேலி செய்யும் கூட்டத்துக்கு மேலே. பதினாறாம் நூற்றாண்டில் திருவிழா நாளில் ஒரு துருக்கிய வித்தைக்காரர் கயிற்றின்மேல் நடந்து மணியறை வரை ஏறினார். அந்த வழக்கம் பின்னர் தேவதூதர் இறங்கும் விளையாட்டாக மாறியது. உள்ளே படிக்கட்டு கிடையாது, சரிவுப்பாதைதான். பேரரசர் மூன்றாம் பிரெடரிக் 1452இல் குதிரையிலேயே உச்சிக்குப் போனதாகச் சொல்வார்கள். இத்தனையும் நடந்த இடம் ஒன்று, கட்டடம் பல. என் கணக்கு இது.

செங்கல்சூளை:

பழங்கணக்கு ஐயா அடிப்பகுதியைத் தொட்டதால் அஸ்திவாரத்துக்கு வருகிறேன். கடலாடியின் கேள்விக்கு அங்கே ஒரு பதில் இருக்கிறது.

1885இல் ஜாகொமோ போனி இந்தக் கோபுரத்தின் அடித்தளத்தைத் தோண்டி ஆராய்ந்தார். பின்னாளில் ரோம் நகரின் மன்றத் திடலை அகழ்ந்த தொல்லியலாளர் அவரே. அவர் கண்டது களிமண்ணுக்குள் நெருக்கமாக அடித்து இறக்கிய மரக் கழிகள். ஆயிரம் ஆண்டு கழித்தும் உறுதியாக இருந்தன. நீர் தேங்கிய களிமண்ணுக்குள் காற்று புகுவதில்லை. காற்று இல்லாத இடத்தில் மரத்தைத் தின்னும் பூஞ்சைகளுக்கு வேலை இல்லை. மேல்மட்டத்தில் ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வரும் மரம்தான் மக்கும்.

இடிந்த பிறகு அந்தப் பழைய அஸ்திவாரத்தைக் கழித்துக்கட்டவில்லை. அதை நடுவில் வைத்துக்கொண்டு, சுற்றிலும் 3,076 புதிய லார்ச் மரக் கழிகளை இறக்கி, 222 சதுர மீட்டராக இருந்த பரப்பை 410 சதுர மீட்டராக விரித்தார்கள். மேலே எடை குறைய வேண்டும் என்று மணியறைப் பகுதியில் கான்கிரீட்டைப் பயன்படுத்தினார்கள். பழையதைவிட ஏறக்குறைய இரண்டாயிரம் டன் குறைவு. நடிப்பு என்கிறார் கடலாடி. விழுந்த காரணத்தைப் படித்து, அதே பிழை திரும்பாதபடி உள்ளுடலை மாற்றிக் கட்டியவர்களை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய கழிகள் இன்றும் அந்தக் கோபுரத்தைச் சுமக்கின்றன. மேலே தெரிவது 1912. கீழே சுமப்பதில் பழைய வெனிஸும் இருக்கிறது.

லோஜெத்தாவையும் மறக்காதீர்கள். கோபுரம் அதன் மேல்தான் சரிந்தது. நொறுங்கிய பளிங்குத் துண்டுகளை இடிபாட்டிலிருந்து பொறுக்கி, எந்தத் துண்டு எந்தத் துண்டோடு சேரும் என்று இணைத்து மறுபடி நிறுத்தினார்கள். பொறுமை என்றால் அது.

வெண்கலச்செல்வி:

உடைந்த நான்கு மணிகளுக்கும் அதே கவனம்தான் கிடைத்தது. சில்லுகளைத் தேடி எடுத்து, ஒவ்வொரு மணியையும் துண்டு துண்டாகச் சேர்த்து வடிவத்தை மீட்டார்கள். அதிலிருந்து அச்சு செய்து, அதே வெண்கலத்தை உருக்கி 1909இல் சாந்த் எலெனா தீவில் வார்த்தார்கள். மணியின் சுருதி அதன் விட்டத்திலும் விளிம்பின் தடிமனிலும் இருக்கிறது. அளவு சற்று மாறினாலும் குரல் மாறிவிடும். அதனால்தான் அந்தச் சில்லுகளுக்கு இவ்வளவு மரியாதை.

செலவை ஏற்றவர் போப் பத்தாம் பயஸ். 1903 ஏப்ரல் 25 அன்று, புனித மாற்கு திருநாளில், புதிய கோபுரத்தின் முதல் கல்லை ஆசீர்வதித்தபோது அவர் வெனிஸின் மறைமுதல்வர் கர்தினால் ஜுசெப்பே சார்த்தோ. சில மாதங்களில் ரோமுக்குப் போப்பாகத் தேர்வானார். வெனிஸுக்கு மணிகளை அனுப்பினார்.

கடலாடி, இரும்புக் கம்பியும் கான்கிரீட்டும் உங்களை உறுத்துகின்றன. சரி. ஆனால் இந்த நான்கு மணிகளில் இருக்கும் வெண்கலம் புதியது அல்லவே? விழுந்த அதே உலோகம். எழுந்த அதே குரல்.

கடலாடி:

மணிகளைப் பொறுத்தவரை வாதம் செய்ய மாட்டேன். லோஜெத்தாவும் அப்படியே. உடைந்ததைச் சேர்ப்பது ஒன்று, இல்லாததை உருவாக்குவது வேறு. என் மறுப்பு நடுவில் நிற்கும் அந்த நீண்ட செங்கல் உடலைப் பற்றியது. பழைய செங்கற்கள் பெரும்பாலும் படகுகளில் ஏற்றிக் கடலுக்குள் கொட்டப்பட்டன. மலர்வளையம் வைத்து அனுப்பினார்கள் என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம். என் மனம் ஆறவில்லை.

ஒரு சந்தேகம். கோபுரத்தின் மேல்பகுதியில், மணியறைக்கு மேலே இருக்கும் சிங்கங்கள் 1902க்கு முன் எடுத்த புகைப்படங்களில் இல்லையே? பிறகு "இருந்தபடியே" என்ற முழக்கம் எப்படிப் பொருந்தும்?

பனையோலை:

நல்ல கண் உங்களுக்கு. குடியரசு விழுந்தபின் புனித மாற்குவின் சிங்கங்களைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். நகரெங்கும் நடந்தது அது. குடியரசின் அடையாளமாக எது தெரிந்தாலும் உளி வைத்தார்கள். 1912இல் கட்டியவர்கள் சிங்கங்களை மீண்டும் வைத்தார்கள். நீங்கள் சொல்வது சரி, அது 1902 காலையில் இருந்தபடி அல்ல. 1797க்கு முன் இருந்தபடி. நூறு ஆண்டுக்கு முன் பிடுங்கப்பட்டதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இதில் குறை தெரியவில்லை, மகிழ்ச்சிதான்.

அந்தக் கோபுரத்தின் மேல் அந்த ஊர்க்காரர்களுக்கு இருக்கும் பிடிப்பு இன்னும் விடவில்லை. 1997 மே மாதம், குடியரசு முடிந்து இருநூறாம் ஆண்டு நிறைவில், ஒரு சிறு குழு கவச வண்டிபோல் மாற்றிய வாகனத்தைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்து கோபுரத்தைப் பிடித்துக்கொண்டது. உச்சியில் பழைய சிங்கக் கொடியை ஏற்றியது. சில மணி நேரத்தில் காவல் துறையினர் ஏறி எல்லோரையும் கைது செய்தார்கள். அவர்கள் செய்ததை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் குடியரசின் நினைவை எழுப்பத் தோஜேக்களின் அரண்மனை பக்கத்திலேயே இருக்க, அவர்கள் தேர்ந்தெடுத்தது 85 வயதே ஆன இந்தக் கோபுரத்தை. அவர்களுக்கு அது 1912இன் கட்டடமாகத் தோன்றவில்லை.

என்னிடம் இருப்பதாக முதலில் சொன்ன பதில் இதுதான். ஒரு கோபுரத்தை அதே கோபுரமாக வைத்திருப்பது, அதைச் சுற்றி வாழ்கிறவர்கள் விடாமல் செய்யும் காரியம். 1489இல் செய்தார்கள், 1511இல் செய்தார்கள், 1745இல் அரைகுறையாகச் செய்தார்கள், அதற்கு 1902இல் விலை கொடுத்தார்கள், மறுபடியும் செய்தார்கள்.

தென்றல்வெளி:

இப்போது இருப்பது பாதுகாப்பாக இருக்கிறதா? அடிக்கடி வெள்ளம் வரும் சதுக்கம் என்பதால் கேட்கிறேன்.

செங்கல்சூளை:

விழும் ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் 1903இல் விரித்த புது அஸ்திவாரமும் நடுவிலுள்ள பழைய அஸ்திவாரமும் எடையை ஒரே மாதிரி பகிர்ந்துகொள்ளவில்லை. காலப்போக்கில் அடித்தளக் கல்லில் விரிசல்கள் விட்டன. உப்புநீர் வேறு உள்ளே நுழைகிறது. 1966 நவம்பர் 4 அன்று வந்த வெள்ளம் 194 சென்டிமீட்டர். அதனால் 2007 அளவில் ஒரு வேலையைத் தொடங்கி 2013இல் முடித்தார்கள். சதுக்கத்தின் தரைக்கு அடியில், அஸ்திவாரத்தைச் சுற்றி டைட்டானியக் கம்பிகளால் ஒட்டியாணம் கட்டியதுபோல இறுக்கிவிட்டார்கள். இரும்பு என்றால் உப்புநீரில் துருப்பிடித்துப் பருத்து, கல்லையே உடைக்கும். டைட்டானியத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை. தரைக்கு மேலே எதுவும் தெரியாது.

என் துறைக்காரர்களுக்கு நான் இந்தக் கோபுரத்தைக் காட்டும்போது கலிலேயோவைச் சொல்வதில்லை. ஒரு கூரை ஒழுகலைச் சரிசெய்யப் போய், பக்கத்தில் நிற்பது என்ன சுமக்கிறது என்று பாராமல் வெட்டினார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

கடலாடி:

ஒட்டியாணம் பற்றி எழுதியதற்கு நன்றி ஐயா. என் நிலைப்பாட்டில் மாற்றம் இல்லை. மின்தூக்கிக்கு டிக்கெட் வாங்கும் இடத்தில் "ஆயிரம் ஆண்டு" என்பதைவிட 1902, 1912 என்ற இரண்டு எண்களும் பெரிதாகத் தெரிய வேண்டும். பனையோலை இந்த இழையைத் தொடங்கியதே அதற்காக என்றால் நாங்கள் இருவரும் அந்த ஓர் இடத்தில் ஒன்றுபடுகிறோம்.

பழங்கணக்கு ஐயா, பிரான், ரொவின் கோபுரங்களைப் பற்றித் தனி இழை தொடங்குவீர்களா? பிரானின் மணிகளைப் பற்றி வெண்கலச்செல்வி எழுதினால் நான் முதல் ஆளாக வருவேன்.